முப்பத்தொன்றாம் நம்பர் ஊர்

"ஏரியா? எங்க ஊர்ல ஏரியா?"

தைலம்மாள் போட்ட சத்தத்தில், திண்டிவனத்து அந்தப் பழைய பதிவேட்டு அறைக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுத்தர் தீனதயாளன் கொடுத்த நகலை அவர் முன்னால் நீட்டினாள். அப்பா காலத்திலிருந்து மல்லாட்டைக் கடலை போடும் ஒன்றரை ஏக்கர், அந்த நகலில் 'ஏரி, அரசுப் புறம்போக்கு' என்று இருந்தது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்து, இன்று மூன்று மணிக்கு விழுப்புரத்தில் விசாரணை. பழைய ஆவணத்தைக் காட்டாவிட்டால் நிலம் போச்சு.

அலைந்த அலைச்சல் கொஞ்சமா? தென்னார்க்காடு ஜில்லாவாக இருந்தபோது எழுதியது, கடலூருக்குப் போ என்றார்கள். போனாள். ஜில்லாவைப் பிரித்தபோதே பழைய கணக்குக் கட்டெல்லாம் விழுப்புரம் போய்விட்டது என்றார்கள். விழுப்புரத்தில் திண்டிவனம் என்றார்கள். நடுவில் அவள் ஊரான நல்லாம்பட்டு கிராமத்தையே திண்டிவனம் தாலுகாவிலிருந்து வெட்டி மரக்காணத்தில் சேர்த்திருந்தார்கள்.

"ரெக்கார்டுல இருக்கறதத்தாம்மா தர முடியும். கத்திக்கினு நிக்காத."

"பெரியசாத்தனூர் ஏரி வழிஞ்சாத்தான் எங்களுக்குத் தண்ணி. எங்க ஊர்ல வாத்து நீந்தக்கூட குட்டை கிடையாது. அந்தப் புத்தகத்துல பக்கத்தோட தலைப்புல இருக்கற ஊர் பேர வாய்விட்டுப் படி சார்."

தீனதயாளன் அலுத்துக்கொண்டே பதிவேட்டின் மேல் குனிந்தார். குரல் இறங்கிவிட்டது.

"பெரியசாத்தனூர்..."

மரக்காணம் தாலுகாவில் நல்லாம்பட்டின் கிராம நம்பர் முப்பத்தொன்று. பழைய திண்டிவனம் கணக்கில் அது எழுபத்துநான்கு. அப்போதைய முப்பத்தொன்று பெரியசாத்தனூர்; அங்கே இவள் நிலத்தின் சர்வே நம்பரில் ஏரி. இன்றைய நம்பரை வைத்துக்கொண்டு அன்றைய புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். நோட்டீஸ் அனுப்பிய புண்ணியவானும் அதையேதான் செய்திருக்க வேண்டும்.

"நம்பர் மாறிப்போச்சும்மா. ரெண்டு நாள் கழிச்சி வா."

"இன்னிக்கு மூணு மணிக்கு என் நெலத்தப் புடுங்கிடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சி வந்து உன் மூஞ்சியப் பாக்கவா?"

நாற்காலியை இழுத்து வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுது. அப்புறம்தான் நீ வெளிய போலாம்."

எழுபத்துநான்காம் நம்பர் ஊரின் கணக்கில் அவள் அப்பா சவுரிராயன் பெயர் பளிச்சென்று இருந்தது. புஞ்சை, ஒன்றரை ஏக்கர். எழுதி முடித்து முத்திரையை எடுத்தவரைத் தடுத்தாள்.

"பழைய நம்பரு, புது நம்பரு ரெண்டையும் போடு."

"எதுக்கும்மா?"

"இன்னொரு தபா ஜில்லாவ வெட்டுவீங்க. அப்ப எம் பொண்ணு வந்து இங்க கத்திக்கினு நிக்கணுமா?"

அவர் போட்டார். தைலம்மாள் மை காயுமுன்பே நகலைப் பிடுங்கிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸுக்கு ஓடினாள்.