அஞ்சு நின்ற இடம்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். தொலைக்காட்சித் தொடரில் நாலு பேர். இதை என்னிடம் சொன்னபோது இயக்குநர் பெண்ணின் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. ஐந்து குழந்தைகளைக் காட்டினால் யார் யார் என்று பார்ப்பவர்களுக்குக் குழம்பும், நாலு என்றால் மனதில் நிற்கும் என்றாள். முப்பத்துநாலு வருஷமாக என் மனதில் நிற்பது அந்த ஐந்தாவது ஆள் மட்டும்தான் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றித்தான் அந்தத் தொடர். அந்தக் காலத்தில் எங்கள் பாட்டு ஒலிக்காத கடை கிடையாது. ஒரே மாதிரி வெள்ளை உடை, ஒரே மாதிரி வகிடு, வரிசையாக ஐந்து தலைகள். அப்பாதான் எல்லாம். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, எங்களைப் படுத்தி எடுப்பது எல்லாம் அவரே. பயிற்சி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நேரம் வீணாகுமாம். மூத்தவர் ஒண்ணு, அக்காக்கள் ரெண்டும் மூணும், நான் நாலு, தம்பி அஞ்சு. நாளடைவில் வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அண்ணனை மட்டும் அண்ணா என்போம், மூத்தவர் என்ற மரியாதைக்கு.

எனக்குக் கொடுத்த வேலை, நடிக்க வந்த நாலு குழந்தைகளுக்கு எங்களைப் போல நிற்கச் சொல்லிக்கொடுப்பது. ஒரு பழைய கிடங்குக்குள் ஒட்டுப்பலகையால் மேடை போட்டிருந்தார்கள். தரையில் நாலு இடத்தில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. நான் யாரையும் கேட்காமல் ஐந்தாவதாக ஒரு துண்டு கிழித்து, ஓரத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மறுநாள் அது இல்லை. திரும்பவும் ஒட்டினேன். மூன்றாம் நாள் உதவி இயக்குநர் மிகவும் பணிவாக வந்து, கேமராவில் அது தெரிகிறது மேடம் என்றார். தெரியட்டும் என்றுதானே ஒட்டுகிறேன்.

அப்பாவின் சட்டங்கள் மூன்று. கண் நேராக இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மேல் கூரையே விழுந்தாலும் திரும்பக் கூடாது. இரண்டாவது, கால் அசையக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: பாட்டில் ஓட்டை விழக் கூடாது. ஒருவர் குரல் நின்றால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதை விட்டுவிட்டு அவருடைய வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் அவர் குரல் போலவே. இதற்காகவே தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி. அப்பா பின்னால் நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று ஒருவர் தோளைத் தொடுவார். தொட்டால் அவர் ஊமை. அடுத்த சொல் விழுவதற்குள் பக்கத்து ஆள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அன்றைக்கு முழுவதும் அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டார். அடியே பரவாயில்லை என்று இருக்கும்.

தம்பிக்கு மூச்சு இழுப்பு உண்டு. அதனால் அவன் குரலை எடுப்பதுதான் எனக்கு அதிகப் பழக்கம். என் பங்கு அக்காவின் பங்கோடு ஒட்டியே போகும், நான் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அவன் எந்த வரிக்கும் இம்மி தாமதமாகத்தான் நுழைவான். கடைசிப் பாட்டில் 'திரும்புவோம்' என்று ஒரு சொல் வரும். அதை ஒரே மூச்சில் பாட அவனால் முடியாது. 'திரும்' என்று நிறுத்தி, ஒரு குட்டி மூச்சு எடுத்து, 'புவோம்' என்பான். அப்பா முதலில் கத்தினார். பிறகு கேட்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்று தெரிந்ததும் அதையே சட்டமாக்கினார். அந்தக் குட்டி மூச்சைக்கூட நான் அப்படியே எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அப்பாவுக்கே வித்தியாசம் தெரியாது.

இயக்குநர் பெண்ணோடு சண்டை போட்டுப் பயனில்லை, அண்ணாவிடமே போனேன். தம்பியைத் தொடரிலிருந்து எடுக்கச் சொன்னது அவர்தான். அண்ணா இப்போது மொட்டைத்தலையும் தொப்பையுமாக, கல்யாண மண்டபங்களில் அந்தக் கடைசிப் பாட்டை ஒலிநாடாவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். அக்காக்கள் இருவரும் வெளிநாட்டில் இருந்து ஒப்புதல் கையெழுத்தைத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். நான் மட்டும்தான் குறுக்கே நிற்கிறேனாம். என்னால் முடிந்தவரை கத்தினேன். அவர் கத்தவில்லை.

"இந்தத் தொடரை அம்மா கேப்பாங்க, நாலு. அவங்க ஒரே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உயிரோட இருக்காங்க. கடைசி வரைக்கும் அவன் பாடினான்னு. அதுல யாரும் கை வைக்க வேண்டாம்."

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பாதிக் கோபம், பாதி நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஏனென்றால் அவன் கடைசி வரைக்கும் பாடவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் போன அன்று மதியக் காட்சி. அவனுக்குப் பதினொரு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா எப்போதும் முதல் வரிசையில் ஓரமாக உட்காருவார். மடியில் கைப்பை, பைக்குள் தம்பியின் மூச்சு மருந்து, விரல் பையின் கொக்கியில். கடைசிப் பாட்டுக்கு வெளிச்சம் எல்லாம் அணைந்து அண்ணா மேல் மட்டும் விழும், நாங்கள் நாலு பேரும் பின்னால் இருட்டில் நிற்போம். அதனால் அம்மா பார்ப்பதில்லை, கேட்பார். மேடை ஏறுமுன் ஒவ்வொரு முறையும் அவன் தலையை வாரிக்கொண்டே சொல்வார்: "பயப்படாதே, உன் குரல் நின்னா நான் ஓடி வந்துடுவேன்." ஒரு தடவை அவன் குரலை நான் எடுக்கத் தவறியபோது அப்படி ஓடியும் வந்திருக்கிறார். பாட்டு பாதியில் நின்றது. வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார், "நீ எங்க போயிருந்த?"

அந்த மதியம் இரண்டாம் சரணத்தில் அவன் குரல் நின்றது. அடுத்த சொல் விழுவதற்குள் எடுத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, தும்மல் வருவது போல வந்தது. பக்கத்தில் அவன் சட்டை என் கையில் உரசிக் கீழே இறங்கியது. திரும்பவில்லை. அப்பாவின் சட்டம் கண் நேராக. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நன்றாகத் தெரிந்தது. ஆனால் மூன்றாம் சரணம் வந்தது, கடைசியில் அந்தச் சொல் வந்தது, 'திரும்' என்று நிறுத்தி, மூச்சு எடுத்து, 'புவோம்' என்று முடித்தேன். அன்றைக்கு அவனைவிட நன்றாகவே பாடினேன். முன்வரிசையில் அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வந்தபோது அவன் கிடந்தான். எப்போது விழுந்தான் என்று மருத்துவர் கேட்டார். இப்போதுதான், கடைசி வரி வரைக்கும் பாடினான், நாங்கள் எல்லோரும் கேட்டோமே என்று அண்ணா அழுதுகொண்டே சொன்னார். பொய் இல்லை, அவர் அப்படித்தான் கேட்டார். நான் மூச்சு விடவில்லை.

படப்பிடிப்பு முடிந்து ஒலிப்பதிவு நடந்தது. ஒருநாள் ஒலிப்பதிவுக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், நரைத்த தாடி, வேலையில் கறார். நாலு குழந்தைகளை வைத்துக் கடைசிப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்திருந்தார், போட்டுக் காட்டினார். பிறகு கையைப் பிசைந்தார். சுருதி சரி, தாளம் சரி, ஆனால் உள்ளே எங்கேயோ காலியாக இருக்கிறது, பாட்டில் ஒரு ஆள் குறைகிற மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் கிடங்கில், அந்த மூன்று மாதத்தில், அஞ்சு இல்லை என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அந்தப் பாட்டு ஐந்து குரலுக்குக் கட்டியது என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஐந்தாவது குரல் எப்படிப் போகும், கொஞ்சம் பாடிக் காட்ட முடியுமா, சுருதியை மேலே ஏற்றிப் பிள்ளைக் குரலாக்குவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார். முடியாது என்றேன். அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன். நாடாவைப் பிடுங்கினார்கள், பெயரை எடுத்தார்கள், முகத்தை எடுத்தார்கள். பாட்டில் உள்ள இடத்தையாவது யாரும் தொடாமல் இருக்கட்டும். கேட்கிறவர்களில் ஆயிரத்தில் ஒருவர், இங்கே யாரோ இருந்திருக்க வேண்டுமே என்று நினைத்தால் போதும். என் வாழ்க்கையில் அவனுக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

அவர் வற்புறுத்தவில்லை. சரி, அண்ணனுக்குப் பின்னால் போகும் உங்கள் சொந்த வரியையாவது பாடுங்கள், குழந்தைகள் குரலுக்குக் கொஞ்சம் கனம் கிடைக்கும் என்றார். அதில் என்ன இருக்கிறது? கண்ணாடி அறைக்குள் போனேன். காதில் கருவியை மாட்டினார்கள். முதல் சரணம், என் வரி, ஒழுங்காகப் பாடினேன். இரண்டாம் சரணம் வந்தது. காதுக்குள் நாலு குழந்தைகள், ஐந்தாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த சொல் விழவில்லை, அதற்குள் என் வாய் எடுத்துவிட்டது. நிறுத்து, நிறுத்து என்று உள்ளே நான் அலறுகிறேன், வாய் பாடிக்கொண்டே போகிறது. இம்மி தாமதமாக நுழைகிறது. கண் நேராகச் சுவரைப் பார்க்கிறது. 'திரும்' என்றது. குட்டி மூச்சு எடுத்தது. 'புவோம்' என்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்று கைதட்டினார். இப்போதுதான் பாட்டு முழுசாக இருக்கிறது, ஒரே தடவையில் முடித்துவிட்டீர்களே என்றார். அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசிப் பகுதியின் ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மாவின் அறையில் நானும் அவரும் மட்டும். அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான். காதில் ஒரு குறையும் இல்லை. சின்னவன் தொடரில் இல்லை என்று அண்ணா முன்பே சொல்லியிருந்தார். அம்மா வருத்தப்படவில்லையாம். இல்லாமலே இருக்கட்டும், எவனோ ஒரு பையன் என் பிள்ளை மாதிரி விழுந்து காட்ட வேண்டாம் என்றாராம். கட்டிலில் சாய்ந்து நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவாக நடித்தவர் கத்தியபோது, உங்கப்பா இவ்வளவு சத்தமா எங்க பேசினார், பேசாமதானே கொன்னார் என்று சிரிக்கக்கூடச் செய்தார்.

கடைசிப் பாட்டு வரும்போது அறையை விட்டு வெளியே போய்விட நினைத்தேன். போகவில்லை. இரண்டாம் சரணத்தில் அம்மாவின் தலை நிமிர்ந்தது. பிறகு அவர் அசையவே இல்லை. 'திரும்' என்று வந்து, அந்த மூச்சு வந்து, 'புவோம்' என்று முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"படத்துல அவன் இல்லைன்னு பெரியவன் சொன்னானே. இது யார் பாடுனது?"

"நான்தாம்மா. பாடச் சொன்னாங்க."

 எத்தனையோ தடவை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இந்தக் காதால கேட்டேன், கடைசிச் சொல்லு வரைக்கும் பாடிட்டுத்தான் போனான் என்று சொன்ன அம்மாவின் வாய், இப்போது மெல்லத் திறந்தது.

"அன்னிக்கு?"

ஒரு சொல் போதும். அவன்தாம்மா என்றால் நம்பிவிடுவார். நம்பத்தான் அவரும் காத்திருந்தார். அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நின்றுபோன இடத்தை நான் நிரப்பவில்லை.

அம்மாவின் காது அந்தக் காலி இடத்தை முழுவதும் கேட்டது. முகம் என் பக்கம் திரும்பவில்லை. விரல்கள் மட்டும் மடியில், அங்கே இல்லாத பையின் கொக்கியைத் திறந்துகொண்டே இருந்தன.