கன்றுக்குட்டியோடு வந்தவள்

காபி பொங்கி வந்ததும் சாதெத்தா செம்புக் குடுவையை அடுப்பிலிருந்து இறக்கினாள். எதிரே பக்கத்து வீட்டு ஸும்ரா, சர்க்கரைக் கட்டியை முதல் கோப்பைக் காபியில் நனைத்துக் கடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். தலைநகர் சராயேவோவில் சட்டம் படிக்கும் சாதெத்தாவின் மகள் நெர்மா விடுமுறைக்கு வந்திருந்தாள். பெற்றவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"சண்டைக் காலத்துல அக்கிரமம் பண்ணவனுங்களை உள்ள தள்ற கேஸுக்கு இவளும் ஒத்தாசை பண்றா, அக்கா."

"அப்படியா! யாரு மேல கேஸு?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது அத்தை," என்றாள் நெர்மா.

சாட்சியின் பெயர் அவளுக்கே தெரியாது. பேராசிரியர் கொடுத்த வாக்குமூலத்தில் பெயரும் ஊரும் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு சாட்சியின் சொல்லை நம்பி நீதிமன்றங்கள் எப்போதெல்லாம் தண்டனை கொடுத்தன என்று பழைய தீர்ப்புகளில் தேடிக் கொடுப்பதுதான் மாணவர்களின் வேலை. இந்த வழக்கிலும் இருப்பது ஒரே சாட்சி. அவள் வந்தால் வழக்கு நிற்கும். வராவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவன் தப்பித்தான்.

பக்கம் பார்த்துப் பேசு என்று சும்மாவா சொன்னார்கள்? கேட்க ஆள் கிடைத்ததும் நெர்மாவுக்கு வாய் நிற்கவில்லை.

"பாவம் அத்தை, ஒரு பொம்பளை. ஊரையே பள்ளிக்கூடத்துல அடைச்சப்போ, தாயில்லாக் கன்னுக்குட்டிய விட்டுட்டு வர மனசில்லாம கயித்தோட இழுத்துட்டு வந்திருக்கா. அன்னைக்கு ராத்திரி அவளை மட்டும் ஒருத்தன் தனியா கூட்டிட்டுப் போனானாம்..."

மீதியை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஸும்ராவின் கோப்பை அந்தரத்தில் நின்றது. நெர்மா பிறப்பதற்கு முந்தைய கதை அது. கன்றோடு வந்தவளை இதே ஊரில் அன்று பார்க்காதவர் கிடையாது. அந்த ராத்திரி நடந்ததுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் பேச்சு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டது.

நெர்மா கல்லூரிக்குத் திரும்பிய சில நாட்களில் பேராசிரியர் வெஸ்னா மாணவர்களைக் கூப்பிட்டார். "சாட்சி வரமாட்டேன்னுட்டாங்க. புருஷன், பிள்ளை யாருக்கும் தெரியாம இத்தனை வருஷம் வச்சிருந்தாங்க. மகன் கடைத்தெருவுல கேள்விப்பட்டு வந்து நேராவே கேட்டிருக்கான். கன்னுக்குட்டிய வச்சு ஊர் கண்டுபிடிச்சிருச்சு."

நெர்மா எழுந்து நின்றாள். "நான்தான் மேடம். வீட்டுல... பேர் சொல்லல..."

பேராசிரியர் திட்டவில்லை. "நாளையிலருந்து நீ வர வேண்டாம்மா," என்று மட்டும் சொன்னார். வழக்கு அதோடு படுத்துவிட்டது.

அந்தப் பெண் யார் என்பதை அம்மாதான் போனில் அழுதுகொண்டே சொன்னாள். சிறு வயதிலிருந்து அவர்கள் பாலாடைக்கட்டி வாங்குகிற ரசேமா! அந்த வாரமே நெர்மா ஊருக்குப் போய்ச் சந்தையில் அவள் முன்னால் நின்றாள்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா. நான் பேரைச் சொல்லவே இல்ல."

ரசேமா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் கன்னுக்குட்டிதான்டி எனக்குப் பேரு. நானா கோர்ட்டுல சொல்லியிருந்தா அது சாட்சி. நீ சொன்னே, வம்பாப் போச்சு."

"அவனை ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"அவன் இதே சந்தைக்குத்தான் மொளகா வாங்க வர்றான். நானும் கடை போட வரணும். என் மகன்தான் என் மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கிறான்."

நெர்மா விம்மி அழுதாள். ரசேமா பாலாடைக்கட்டியைத் தாளில் சுற்றி அவள் கையில் வைத்தாள்.

"அழுது என்ன ஆகப்போகுது? அடுத்தவ துக்கத்தை அவளே வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் நாம நாக்குல வச்சுக்கக் கூடாது கண்ணு. அது காபிக்குக் கடிச்சுக்கிற சர்க்கரைக் கட்டி இல்ல."