ரிக்கார்டில் அப்படி இல்லையே

குழுவில் அவருக்குப் பெயர் அச்சு. வாரக் கடைசியில் ஓட்டல் கூடத்தில் பழைய ராக் பாட்டுகள் வாசிக்கும் குழு அது, கிதார் அவருடையது. ரிக்கார்டில் எங்கே மூச்சு விட்டார்களோ, அங்கேதான் இவர் குழுவும் விட வேண்டும். ஒரு பாட்டின் நடுவில் யாரோ நாற்காலியை நகர்த்திய கிறீச் சத்தம் பதிவாகியிருந்தது. அந்த இடம் வந்தால் இவரும் தன் நாற்காலியைக் காலால் இழுப்பார். இப்படியும் ஒரு பிறவி.

இரண்டாவது கிதார், மனைவியின் தம்பி. அவன் வாசிப்பு மனம் போன போக்கு.

"மாப்ள, பாட்டைக் கெடுக்காத. அசல் அசல்தான்."

"அசல் பத்திரமா ரிக்கார்டுல இருக்கு மச்சான். நாம கொஞ்சம் விளையாடலாம்."

அந்த நாற்காலிப் பாட்டைப் பாடியவரே ஒருநாள் ஊருக்குக் கச்சேரிக்கு வந்தார். வந்த இடத்தில் அவருடைய கிதார்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ள, ஒலிபெருக்கிக்காரர் அச்சுவைக் கைகாட்டினார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்றால் இதுதான். அந்தக் குரலின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பாட்டு வாசித்துவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். மனைவி சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். பெட்டி தூக்க மைத்துனன் கூடப் போனான்.

ஒத்திகையில் பாடகர் சொன்னார்: "தம்பி, ரெண்டு கட்டை இறக்கிக்க."

"ரிக்கார்டுல அப்படி இல்லையே சார்."

"அந்தத் தொண்டையும் இப்ப இல்லப்பா."

மனசில்லாமல் இறக்கினார். நடுவில் கிறீச்சென்றது. பாடகர் நிறுத்தினார்.

"என்ன சத்தம்?"

"உங்க ரிக்கார்டுல இருக்கே சார்."

"அதை எடுக்கச் சொல்லி அன்னிக்கே சண்டை போட்டேன்."

மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டாம் சரணத்தில் அச்சு கையைத் தூக்கிவிட்டார். "தப்பு சார். அவர் இங்க இழுத்துப் பாடுவாரு."

"எவரு?"

"நீங்கதான் சார்."

டிரம்ஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பாடகருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சரி, விடு. சரணம் முடிஞ்சதும் நான் மூச்சு வாங்கணும். அந்த நேரத்துல உனக்குத் தோணுறதை வாசி."

அச்சு வாசித்தார். அட்சரம் பிசகாமல் ரிக்கார்டில் இருந்தது வந்தது.

"இது எங்க ஆளு வாசிச்சது. உன்னோடதை வாசிப்பா."

விரல்கள் கம்பிமேல் அப்படியே கிடந்தன. முதலில் எரிச்சல் வந்தது, இதென்ன வேண்டாத கேள்வி என்று. யோசித்துப் பார்த்தார். ஒன்றுமே தோன்றவில்லை. இத்தனை வருஷம் வாசித்த கைக்குள் தன்னுடையதென்று ஒரு ஸ்வரம்கூட இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

கிதாரைக் கழற்றி மைத்துனனிடம் நீட்டினார். "இவன் வாசிப்பான் சார்."

"மச்சான், என்னது இது?"

"வாங்கு மாப்ள."

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் பையன் ரிக்கார்டு பக்கமே போகவில்லை. இஷ்டத்துக்கு அலைந்து திரிந்தான். பாடகர் நிம்மதியாக மூச்சு வாங்கிக்கொண்டு தலையாட்டினார். அச்சுவின் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தீங்களா சார், அப்படியே ரிக்கார்டுல இருக்கிற மாதிரியே வாசிக்கிறான்."

அச்சு வாயைத் திறந்தார். பிறகு, "ஆமா," என்றார்.