செவ்வாய்க்கிழமைப் பழுது

"பிரேக் லைட், சிக்னல் ஒண்டும் எரியேல்ல. இண்டைக்கும் போக ஏலாது," என்று போன செவ்வாய் கணவன் பிறெடி சொன்னான்.

"மற்ற நாளில மட்டும் எப்பிடி எரியுது?"

"பழைய கார் தானே. அதுக்கும் மூட் வரும்."

கொன்ஸ்ரன்ஸ் சிரித்துவிட்டாள். கல்கிசையில் தனியே இருக்கும் அவளுடைய அம்மாவால் பஸ் ஏற முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் அவவைத் தங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிவரத்தான் அவள் லைசென்ஸே எடுத்தாள்.

இந்தச் செவ்வாய் அவளே பழுதைத் தேடினாள். கொட்டாஞ்சேனை வீட்டு மதிலோரம் காரைப் பின்னுக்கு எடுத்து பிரேக்கை மிதித்தாள். கண்ணாடியில் மதில் சிவக்கவில்லை. பல்புகளை மாற்றியும் அப்படியே. பியூஸ் பெட்டியைத் திறந்தாள். லைட்டுக்கும் சிக்னலுக்கும் பொதுவான பியூஸ் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

படியில் நின்ற பிறெடி சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான்.

"உங்கட அம்மா ஒருக்கா இஞ்ச வந்தா திரும்பிப் போகமாட்டா எண்டு பயந்திட்டன்."

"அவ சேலை உடுத்திக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பா. நான் போன் எடுத்து, கார் பழுது எண்டு சொல்லுவன். நீங்கள் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

அவனுக்குப் பிடிக்காது என்று இவ்வளவு காலமும் சொல்லாமல் விழுங்கியதை அவள் சொன்னாள்.

"அம்மா இனி எங்களோடயே இருக்கட்டும், பிறெடி."