வெளி வாசகர்

பெட்டியில் கிடத்தியிருந்த கணவரின் சட்டைப் பையில் பென்சிலைச் செருகிவிட்டு, அது நேராக நிற்கிறதா என்று டெல்ஃபினா சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"அண்ணி, பொட்டிக்குள்ள பென்சில் எதுக்கு? ஜெபமாலை போதாதா?" என்றான் கொழுந்தன் ஒஸ்வால்டோ.

"உங்கண்ணன் பென்சில் இல்லாம வாசல் தாண்டினதே இல்ல. நீ பேசாம இரு."

இருபத்தாறு வருடம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவி அலுவலகத்தில் இருந்தார் இலாரியோ. பேராசிரியர்கள் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பார். விதை, மண், கிருமி என்று எது கொச்சபம்பா நகரை விட்டு வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போனாலும் அதற்கான ஒப்பந்தத்தை எழுதுவதும் அவர்தான். முந்தாநாள் மாலை சமையலறை மேசையில் ஒரு விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் ஏழாம் பக்கத்தில் தலை கவிழ்ந்தார். மாரடைப்பு என்றார்கள்.

அடக்கத்துக்கு மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். வந்தவர்களுக்குக் கடலை சூப் கொடுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஊறிய கடலையைத் தோல் நீக்க டெல்ஃபினா சமையலறையில் உட்கார்ந்தாள். அழுகையெல்லாம் நேற்றே வற்றிவிட்டது. கை சும்மா இருந்தால்தான் பயமாக இருந்தது.

கறுப்பு உடையில் ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். கடலை ரகங்களை ஆராயும் பேராசிரியை மிர்த்தா.

"அம்மா, இன்னிக்குப் போய் இதைக் கேக்க வாயே வரல. என் விண்ணப்பம் சார்கிட்ட இருந்துச்சு. நாலு மணியோட கெடு முடியுது."

டெல்ஃபினா எழுந்து, குளிர்பெட்டி மேலிருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தாள். மிர்த்தா புரட்டினாள். ஓரங்களில் பென்சில் கோடுகள். ஏழாம் பக்கத்துக் கோடு மட்டும் வளைந்து தாளின் அடிவரை இறங்கியிருந்தது. அதை இருவரும் பார்த்தார்கள். டெல்ஃபினா மறுபடி கடலைத் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"கையெழுத்துக்கு இயக்குநர் இருக்காரு," என்றாள் மிர்த்தா கடைசியில். "ஆனா சார் ஒருத்தர்கிட்ட காட்டுவாரே, அவர் மிச்சத்தைப் பாக்கணும். அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எவர்?"

"வெளி வாசகர். 'என் வெளி வாசகர் பாக்காம ஒரு தாள் இங்கேருந்து போகாது'ம்பாரு சார். பேரை மட்டும் சொல்ல மாட்டாரு. லா பாஸ்ல யாரோ பெரிய நிபுணர்னு நாங்க பேசிப்போம். போன வருஷம் அவசரத்துல அவர்கிட்ட காட்டாமலே அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா விதை அறையை மூடிடுவாங்க. நூத்திப்பத்து ரகம்மா. ஊர் ஊரா அலைஞ்சு வாங்கினது."

டெல்ஃபினாவின் விரல்கள் தண்ணீருக்குள் நின்றுவிட்டன.

தினமும் மாலை அவர் உரக்கப் படிப்பார். அவள் எதையாவது உரித்துக்கொண்டிருப்பாள். புரியாத இடத்தில் "ம்?" என்பாள். அவர் ஓரத்தில் ஒரு கோடு போடுவார். "ஆறாவது தாண்டாதவகிட்ட என்னத்தைக் கண்டீங்க?" என்று கேட்டால், "பேச்சுத் துணைக்குத்தான், கேளு" என்பார். கிழவனுக்கு எவ்வளவு அழுத்தம்! ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாரா? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடவே நேற்று தீர்ந்துபோனதாக நினைத்த அழுகையும் வந்தது.

முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எட்டாம் பக்கத்துலேருந்து படிங்க, டாக்டரம்மா."

"உங்களுக்கு இப்ப எதுக்கும்மா..."

"கைக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கு. கொஞ்சம் சத்தமா."

மறுக்கத் தெரியாமல் மிர்த்தா படித்தாள். கூடத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து தடையில்லாமல் போயின. பதினோராம் பக்கத்தில், விதைகள் வெளிநாட்டு ஆய்வகத்துடன் பகிர்ந்துகொள்ளப்படும் என்ற இடம் வந்தது.

"ம்?"

மிர்த்தா நிமிர்ந்தாள்.

"விதை போகுது, சரி. அதை வெச்சு அவங்க புதுசா ஒரு ரகம் உண்டாக்குறாங்க. குடுத்த ஊர்க்காரிக்கு அதுல ஒரு பிடி வருமா? இல்ல, கடையில வாங்கிக்கோன்னு சொல்லிடுவாங்களா?"

"அது... அது ஒப்பந்தத்துல வரும்னு விட்டுட்டேன். இங்க எழுதல." சொல்லிவிட்டு மிர்த்தா பழைய பக்கங்களைத் திருப்பினாள். ஒவ்வொரு கோட்டையும் பார்த்தாள். பிறகு தொட்டித் தண்ணீருக்குள் இருந்த கைகளைப் பார்த்தாள். "அம்மா, நீங்கதானா?"

"பென்சில் வெச்சிருக்கீங்களா?"

"கம்ப்யூட்டர்தான் இருக்கு."

டெல்ஃபினா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஜெபம் சொன்னவர்கள் விலகி வழிவிட்டார்கள். இலாரியோவின் இடது பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"இப்பத்தானே வெச்சீங்க அண்ணி!"

"வேலை இருக்கு."

அவள் போட்ட கோடு அவருடையதைவிடத் தடிமனாக இருந்தது. அதன்பின் இன்னும் இரண்டு இடத்தில் "ம்?" வந்தது. சூப் தாமதமானது, ஒஸ்வால்டோ மட்டும் இரண்டு தடவை எட்டிப் பார்த்து முணுமுணுத்தான். மிர்த்தா மேசையிலேயே திருத்தி, தட்டச்சு செய்து, இரண்டே முக்காலுக்கு அனுப்பினாள்.

"போயிடுச்சும்மா," என்றாள். டெல்ஃபினா தலையாட்டி, அவளுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூட ஆள்கள் வந்தார்கள். ஒஸ்வால்டோ குனிந்து சட்டைப் பையைப் பார்த்தான்.

"அண்ணி, பென்சில்?"

டெல்ஃபினாவின் கை கொண்டைக்குப் போனது. பென்சில் அங்கேதான் செருகியிருந்தது. கையைக் கீழே இறக்கினாள்.

"மூடுப்பா," என்றாள்.