மெழுகு ஏறும் வரை

வாசல்வரை தேன்மெழுகின் மணம். அடுப்பில் ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் உயரமான தகர டப்பா, டப்பா நிறைய மெழுகுவத்தி செய்ய உருக்கிய மெழுகு. பக்கத்தில், வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டு நின்றாள் மருந்துக்கடைக்காரி. இன்று நடுவில் புகுந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பஸ் டிரைவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவரைக் கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதம்தான். "ஆனா என் மூத்த பொண்ணு சரின்னு சொல்லணும். நான் கேக்க மாட்டேன். நீங்களே கேளுங்க," என்று சொல்லிவிட்டாள். ஒரு பஸ் ஜனத்தை ஏற்றிக்கொண்டு சந்தை நெரிசலில் புகுந்து வரும் மனிதருக்கு, ஒன்பது வயதுப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

"வரிசையா நில்லுங்க! முக்கு, எடு, மேஜையைச் சுத்திட்டு வா. அதுக்குள்ள மெழுகு ஆறிடும். மறுபடி முக்கு. யாரும் ஓவர்டேக் பண்ணக் கூடாது. முக்கியமா நீங்க."

ஆளுக்கொரு குச்சி, குச்சியில் தொங்கும் பருத்தி நூல், நூல் வளையாமலிருக்க நுனியில் ஒரு கூழாங்கல். முன்னால் தங்கை வண்டு, நடுவில் டிரைவர், பின்னால் மேனேஜர். வண்டுக்கு மெழுகைவிட, கடைசியில் ஒட்டுவதற்காகக் காயவைத்திருந்த ரோஜா இதழ்களின் மேல்தான் கண். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

சில சுற்றுகளில் வண்டுவின் நூல் விரல் மொத்தத்துக்கு வந்துவிட்டது. டிரைவருடையது மட்டும் வெறும் நூலாகவே இருந்தது.

"பஸ் மாமாவுது ஏன் ஒல்லியாவே இருக்கு?" என்றாள் வண்டு.

மேனேஜர் எட்டிப் பார்த்தாள். டிரைவர் நூலை டப்பாவுக்குள் விட்டுவிட்டு, நிதானமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"எல்லாரும் ஏறட்டும்னு நிக்கறேன்."

"யாரு?"

"மெழுகுதான். அவசரப்பட்டுக் கிளம்பினா பாதிப் பேரு விட்டுப்போயிடுவாங்களே?"

"இது பஸ் ஸ்டாப் இல்ல! சூட்டுல ரொம்ப நேரம் நின்னா ஏற்கெனவே ஏறினதும் இறங்கிடும். சட்னு முக்கி, சட்னு எடுங்க. இது கூடத் தெரியாதா?"

வண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மருந்துக்கடைக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். டிரைவரின் காதுமடல் சிவந்தது. ஆனாலும் சட்டென்று முக்கினார், சட்டென்று எடுத்தார், நடந்தார். இந்தச் சுற்றிலாவது கேட்டுவிட வேண்டும். தொண்டையைச் செருமினார்.

அதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க எங்கம்மாவைக் கட்டிக்கப் போறீங்களா?"

அவர் திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க, சொட்டும்."

"நீ சரின்னா," என்றார், முன்னாலிருந்த வண்டுவின் ரிப்பனைப் பார்த்துக்கொண்டே.

முக்கினார்கள். நடந்தார்கள்.

"எங்கப்பாவும் காலையில வேலைக்குப் போறேன்னுதான் போனாரு," என்றது குரல், மெல்ல. "நீங்களும் போவீங்களா?"

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சுலபம். குழந்தையிடம் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"தினமும் போவேம்மா. முதல் வண்டி என்னுது. நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே போயிடுவேன்."

பின்னால் காலடி நின்றது. அடுப்பைத் தணிக்கப் போன மருந்துக்கடைக்காரியின் கை அப்படியே நின்றது.

"ஆனா நீ ஸ்கூல் விட்டு வர்றப்போ நான் வீட்டுல இருப்பேன்."

"வண்டி ரிப்பேர் ஆயிட்டா?"

"நடந்து வருவேன்."

"மழை பெஞ்சா?"

"நனைஞ்சுகிட்டு வருவேன். நீ திட்டிக்கிட்டே துண்டு எடுத்துக் குடு."

"நான் எதுக்குக் குடுக்கணும்? அம்மா குடுப்பா."

காலடி மறுபடி கேட்டது. டப்பா அருகே வந்ததும் மேனேஜர் அவரைத் தாண்டிப்போய் அம்மாவின் முன் நின்றாள். போட்ட சட்டத்தைத் தானே மீறிய முதல் ஆள்.

"அம்மா, இவருக்கு ஒரு சாவி செஞ்சு குடுத்துடு."

"சாவியா? எதுக்குடி?" வாக்கு காற்றில் போயிற்று.

"இவர் பாட்டுக்கு இருட்டுல கிளம்புவாரு. கதவைப் பூட்டச் சொல்லி உன்னை எழுப்புவாரு, நீ வண்டுவை எழுப்புவே, அது என்னை எழுப்பும். யாரால முடியும்? அவரே பூட்டிட்டுப் போகட்டும், அவரே திறந்துக்கிட்டு வரட்டும்."

மருந்துக்கடைக்காரி டிரைவரைப் பார்த்தாள். அவர் குச்சியைப் பிடித்தபடி மலைத்து நின்றார்.

"எனக்கும் சாவி!" என்றாள் வண்டு.

"உனக்குப் பூட்டே எட்டாது. பேசாம நட," என்ற மேனேஜர், டிரைவர் பக்கம் திரும்பினாள். "தொலைச்சீங்கன்னா ரெண்டாவது கிடையாது, சொல்லிட்டேன்."

"தொலைக்க மாட்டேன்," என்றார் அவர்.