கொம்பில்லாத விலங்கின் வயிற்றுக்குள்

சௌபர்ணிகா விலங்குச் சிலைக்குள் உட்கார்ந்து அதன் கழுத்து மோட்டாரின் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தபோது வயிற்றுக் கதவு கீழிருந்து மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அவள் சாப்பிடப் போய்விட்டாள் என்று நினைத்து, பிள்ளைகள் யாரும் ஏறிவிடக் கூடாதென்று வெல்டர் பாண்டியராஜன் அடைத்துவிட்டுப் போயிருப்பார். அவள் வாய் திறப்பதற்குள் அவருடைய வண்டிச் சத்தம் தேய்ந்துவிட்டது. போன் கீழே பைக்குள் கிடந்தது.

மானகிரி சாலையில் வரப்போகும் அறிவியல் பூங்காவுக்காக அவள் அளவு போட்டுக் கொடுத்த பாராசெராதீரியம் அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்து உச்சியில் இலை தின்ற, கொம்பில்லாத காண்டாமிருகம். தோளே மூன்று ஆள் உயரம். ஃபைபர் உடம்பு வெயிலில் கொதித்தது. கம்பிக்காக விட்ட ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

கார் ஒன்று வந்து நின்றது. அவளைப் பெற்ற அப்பச்சி மெய்யநாதன் இறங்கினார். பின்னாலேயே உமையாள் ஆச்சி, அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை கோபிநாத்தின் அம்மா. பெண் இல்லாத இடத்தில் கல்யாணத்தைப் பேசி முடிப்பதுதான் வழக்கம். பேசிவிட்டுப் பிள்ளையார்பட்டியில் தேங்காயும் உடைத்துவிட்டால், பிறகு இரண்டு வீட்டிலும் யாரும் வார்த்தை மாற மாட்டார்கள்.

“காண்டாமிருகம்னீக, கொம்பைக் காணோம்?”

“இதுக்குக் கொம்பே கிடையாது ஆச்சி. நம்ம பொண்ணு மாதிரி. யாரையும் முட்டாது.”

ஆச்சி சிரித்தார். “லக்னோவுல எலும்பு ஆராய்ச்சி வேலை கெடச்சிருக்காமே?”

“அவளே வேணாம்னுட்டா.”

திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். நேற்று டிக்கெட்டைக் காட்டியபோது, “பாப்போம்” என்றுதான் அப்பச்சி சொன்னார்.

சௌபர்ணிகா கதவைத் தட்டினாள்.

“உள்ள என்ன சத்தம்?”

அப்பச்சியின் பார்வை ஏணிக்கடியில் கிடந்த அவள் செருப்பில் நின்றது. “மோட்டாரு ஆச்சி. வாங்க, நடை சாத்திருவாக.”

“நான் வேணாம்னு சொல்லலை!”

அவள் குரல் அந்தப் பெரிய வயிற்றுக்குள் சுற்றிக் கனத்து வெளியே போனது.

“யாத்தே! சௌபர்ணிகாவா? எறங்கி வா ஆத்தா.”

“வெளிய தாப்பாப் போட்டிருக்கு ஆச்சி.”

“அதுவும் நல்லதுதான். வெளிய வந்தா அப்பச்சி மொகத்தைப் பாத்து ஊமையாயிருவே. அங்குட்டிருந்தே சொல்லு.”

“நான் லக்னோ போறேன்.”

ஆச்சி அப்பச்சி பக்கம் திரும்பினார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல மெய்யநாதன்?” என்றார். டிரைவரிடம், “வீட்டுக்கே திருப்புப்பா.”

கார் போய்விட்டது. அப்பச்சி மட்டும் நின்றார். ஏணி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் சாய்ந்திருந்தது.

“தொறங்க அப்பச்சி. வெக்கை தாங்கலை.”

“பாண்டியராஜன் வரட்டும்.”

முன்னங்கால் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“திங்கட்கிழமை நான் போயாகணும்.”

அவர் ஏணியைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை.